அத்தை தூக்கிப் பார்த்து வாங்கிய சைக்கிள்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுதான் லயம். எங்கள் லயத்தில் எட்டு வீடு. ஏழாவது ஜீவராணி அத்தையுடையது, எட்டாவது எங்களுடையது. நடுவில் ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கமிருந்து, "மூக்கைத் தொடைடி பூரணி" என்று சத்தம் வரும்.

அத்தை என் அப்பாவின் தங்கச்சி. முப்பத்தெட்டு வயது. பிள்ளை இல்லை. அதைப் பற்றி லயத்தில் பேசவேண்டியதை எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள், அதனால் நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. அழகன் மாமா கொழும்பில் ஒரு புடவைக் கடையில் இருக்கிறார். தீபாவளிக்கும் தேர்தலுக்கும் வருவார். அத்தைக்கு ஒரு மாடு, ஒரு போன், இருபது வருசக் கொழுந்து.

இருபது வருசம் கொழுந்து எடுத்தால் எல்லாருக்கும் இடுப்பு வலி வரும். அத்தைக்கு இடுப்பு வலியோடு இன்னொன்றும் வந்தது. எதைத் தூக்கினாலும் எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவாள். ஒரு தடவை மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், கணக்கப்பிள்ளை "இருபது" என்று எழுதப்போனார். அத்தை கூடையை இறக்கிய கையை எடுக்காமலே, "இருபத்திரெண்டே முக்கால்ங்க" என்றாள். அவர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. தராசைக் கிளப்பிப் பார்த்தார்கள். அடியில் தேயிலைக் குச்சி ஒன்று மாட்டிக் கிடந்தது. குச்சியை எடுத்துவிட்டு நிறுத்தால் இருபத்திரண்டே முக்கால். அன்றிலிருந்து கணக்கப்பிள்ளை முதலில் அத்தையின் முகத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் முள்ளைப் பார்ப்பார்.

இப்படிப்பட்ட அத்தைக்குப் போன தை மாசம் ஒரு வேலை கிடைத்தது. நோர்வூட் டவுனுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், பால் சேர்க்கிற இடத்தில். மாடு வைத்திருக்கிறவர்கள் கொண்டுவருகிற பாலை நிறுத்து வாங்கி, கண்ணாடிக் குழாயை விட்டுத் தண்ணி கலந்திருக்கிறதா என்று பார்த்து, துண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளம். மழை பெய்தாலும் சம்பளம், கொழுந்து இல்லாவிட்டாலும் சம்பளம். உட்கார ஒரு கதிரை. அத்தை இருபது வருசமாக வேலைக்குப் போகிறாள், வேலைநேரத்தில் உட்காருவதற்கென்று ஒரு சாமானை யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. முதல் மாசம் பரீட்சை மாதிரி. காலை ஆறு மணிக்குக் கதவு திறக்க வேண்டும், ஏழுக்கு முன்னால் லொறி வந்து பாலை ஏற்றிக்கொண்டு போய்விடும். மூன்று தடவை பிந்தினால் வேலை வேறு ஆளுக்கு.

எங்கள் மேல் டிவிசனிலிருந்து ரோட்டு வழியாகப் போனால் ஒன்பது கிலோமீட்டர். ரோட்டுக்குப் பாம்பு மாதிரி வளைவதில் ஆசை. தேயிலைக்குள்ளே இறங்குகிற குறுக்கு வழியில் மூன்றே கிலோமீட்டர்தான், பாதிக்கு மேல் படிக்கட்டு. முதல் பஸ் ஆறே காலுக்கு. அத்தை குறுக்கு வழியில் போனாள். திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் ஆறுக்குப் பத்து நிமிசம் முன்னாலேயே போய்க் கதவடியில் நின்றாள்.

புதன்கிழமை பின்னேரம்தான் நான் அந்த வேலையைப் பார்த்தேன்.

ஐந்தாம் வீட்டுச் செல்லசாமி மாமாவை உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்னை மன்னித்திருப்பீர்கள். பெக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் அவருக்குத் தெரியாத விசயம் ஒன்றுகூட இல்லை. வாலிப வயதில் ஒரு சிறுத்தையை டோர்ச் லைட்டால் அடித்து விரட்டினாராம். இந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சிறுத்தை ஒரு அடி நீண்டுகொண்டே வந்தது. எங்கள் மலையில் சிறுத்தை இல்லாமலும் இல்லை. போன வருசம் ஒரு நாயைக் கொண்டுபோனது.

பெயிண்ட் வாளி ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு, முடிச்சுப் போட்ட கயிற்றை அதில் விட்டு, ஈரத்துணியால் கயிற்றைப் பிடித்து இழுத்தால் என்ன சத்தம் வரும் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே விஞ்ஞானம் இதுதான், அதுவும் வகுப்புக்கு வெளியே. வாளி அத்தை வீட்டுப் பின்பக்கம் இருந்தது, மாட்டுக்குத் தண்ணி வைக்கிற வாளி. குறுக்கு வழி இறங்குகிற ஐந்தாம் நம்பர் மலையில் செல்லசாமி மாமா விறகு பொறுக்கிக்கொண்டு வரும்போது, பொழுது சாய்கிற நேரமாகப் பார்த்து, செடிக்குள் உட்கார்ந்து இரண்டே இரண்டு இழுப்புத்தான் இழுத்தேன்.

அறுபத்தாறு வயது ஆள் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு செருப்பை விட்டுவிட்டுப் போனார்.

இரவு சாப்பாட்டுக்குள் சிறுத்தை பெரிதாகிவிட்டது. படுக்கப்போவதற்குள் அதற்கு இரண்டு குட்டி பிறந்துவிட்டன. யூனியன் தலைவர் அன்று இரவே லயம் லயமாக வந்து, "காலையில ஆறரைக்கு முன்னுக்கு யாரும் குறுக்கு வழியில எறங்கக் கூடாது, எறங்குனா நாங்க பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வாளி ஓட்டையை மெழுகுவர்த்தி உருக்கி அடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வெள்ளைக்காரத் துரை மாதிரி நடந்து வீட்டுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை அத்தை ரோட்டால் நடந்தாள். நாலு மணிக்கே கிளம்பியும் இருபது நிமிசம் பிந்திவிட்டது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போனாள், நாற்பது நிமிசம் பிந்திவிட்டது. வெள்ளி பின்னேரம் அத்தை வாசலில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னதை நான் சுவரில் காதை வைத்துக் கேட்டேன்.

"மெனேஜர் அமிர்தநாதன் நல்ல மனுசன்தான் அண்ணி. கோவிக்கல. 'ரெண்டு ஆயிருச்சு அக்கா. இன்னும் ஒன்னுன்னா என்னால ஒன்னும் செய்ய ஏலாது, மேல எழுதணும்'னு மட்டும் சொன்னாரு."

"அப்ப என்னா செய்யப் போற?"

"திங்கக்கிழமைக்குள்ள ஒரு சைக்கிள் வாங்கணும்."

அம்மா சிரித்தது எனக்குக் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிசம் நினைத்தேன். அப்பாவின் பெல்ட்டையும் நினைத்தேன். இரண்டாவதுதான் ஜெயித்தது.

"ஒனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா முதல்ல?" என்றாள் அம்மா.

"தெரியும்" என்றாள் அத்தை.

இது எனக்குத் தெரியாது. லயத்தில் யாருக்குமே தெரியாது. பதிமூன்று வயதில் அத்தையைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு விட்டிருந்தார்கள். அந்த வீட்டுச் சைக்கிளில் தினமும் காலையில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போவாளாம். இரண்டு வருசம். "அந்த வீட்டுல என்னைத் திட்டாத ஒரே சாமான் அதுதான் அண்ணி" என்றாள். அம்மா அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

சனி ஞாயிறு அத்தைக்கு லீவு. சனிக்கிழமை காலை கொழும்புக்கு, அழகன் மாமாவுக்குப் போன் போட்டாள். சத்தமாக வைத்துப் பேசினாள், அதனால் நான் ஒட்டுக்கேட்டதாக ஆகாது.

"சைக்கிளா?" என்றார் மாமா. "பொம்பளை ரோட்டுல சைக்கிள்ல போனா நாலு பேரு என்னா பேசுவான்? வேணாம் ராணி."

"சரிங்க."

"என்னா சரி?"

"வேணாம்னா வேணாம். குறுக்கு வழியிலயே எறங்கிக்கிறேன். சிறுத்தை ரெண்டு குட்டி போட்டிருக்காம். குட்டி போட்ட சிறுத்தைக்குக் கோவம் அதிகமாம், செல்லசாமி அண்ணன் சொல்றாரு. நான் பாத்து எறங்குறேன், நீங்க கவலப்படாதீங்க."

கொழும்பில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது.

"எந்த மாதிரி சைக்கிள்?" என்றார் மாமா.

செய்தி எப்படித்தான் போகுமோ, பத்து மணிக்குச் செல்லசாமி மாமா தன் மகனின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். மகன் கட்டாரில். சிவப்பு நிறம், இருபத்தொரு கியர், முன்னால் ஸ்பிரிங், பனங்கொட்டை மாதிரி தடித்த டயர். ரிம் வெயிலில் கண்ணைக் குத்தியது. "ஒனக்குன்னா இருபத்தி நாலுக்குத் தாறேன் ராணி. மலைக்குன்னே செஞ்ச சைக்கிள். இந்த கியரைப் போட்டா மலையே எறங்கி வரும்."

அத்தை கையில் சீட்டு எடுத்த காசு இருபத்தைந்தாயிரம் இருந்தது. சைக்கிளும் அழகு. எனக்கே ஆசையாக இருந்தது. அத்தை அதைத் தூக்கிப் பார்த்தாள், இறக்கினாள். ஏறினாள். இருபத்துமூன்று வருசம் கழித்து ஏறுகிறாள். முதல் பத்து அடிக்கு ஹேண்டில் ஆடியது, அப்புறம் ஆடவில்லை. லயத்துப் பொம்பளைகள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கோயில் வளைவு வரைக்கும் போய்த் திரும்பி வருவதாகப் பேச்சு.

அப்போது பார்த்து மழை தூறியது. எங்கள் ஊரில் மழை தூறாத நேரத்தைத்தான் கவனித்துச் சொல்ல வேண்டும். கோயில் வளைவில் ரோடு சட்டென்று கீழே சாயும். அத்தை பிரேக்கைப் பிடித்தது தெரிந்தது. சைக்கிளுக்குத்தான் அது தெரியவில்லை. அது பாட்டுக்குப் போய், வளைவில் வளையாமல், நேராகத் தேயிலைக்குள் ஏறியது.

நான் ஓடிப்போனேன். அத்தை ஒரு செடிமேல் மல்லாக்கப் படுத்திருந்தாள். கவ்வாத்து வெட்டாத செடி, மெத்தை மாதிரி. முழங்கையில் சிராய்ப்பு.

"அத்தை, கொழுந்து எடுக்குறதை விட்டும் ஒங்கள செடி விட மாட்டேங்குது" என்றேன். வாய் அப்படித்தான் சொன்னது. கை அவளைத் தூக்கிவிடப் போனது.

அத்தை எழுந்து தன்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைப் பார்த்தாள். பளபள ரிம்மில் விரலை வைத்து வழித்தாள். தண்ணி எண்ணெய் மாதிரி வழுக்கியது. விரலை மூக்குக்கிட்டே கொண்டுபோய் என்னத்தையோ யோசித்தாள்.

"புது பிரேக் கட்டை போட்டா சரியாயிரும்" என்றார் செல்லசாமி மாமா, சைக்கிளைத் தடவிக்கொண்டே.

"சரியாகாதுங்க. கனமும் கூட. பதினெட்டுக் கிலோ."

"அது ஸ்ட்ரோங்கா இருக்கணும்ல."

"அது ஸ்ட்ரோங்காத்தான் இருக்கு. நான்தான் தேயிலைக்குள்ள போனேன்."

ஞாயிற்றுக்கிழமை அத்தையும் நானும் ஹட்டனுக்குப் போனோம். அத்தை தோளில் ஒரு துணிப்பை. ஆண்டியப்பன் என்பவரின் சைக்கிள் கடை, புதுசும் பழசும் விற்கிற கடை, மரக்கறிக் கடைக்குப் பக்கத்தில். வயசாளி, நல்ல பேச்சுக்காரர். எங்களைப் பார்த்ததும் கூடை வைத்த ஊதா நிறப் புதுச் சைக்கிளை முன்னால் இழுத்தார்.

"தங்கச்சிக்கா?"

"எனக்கு" என்றாள் அத்தை.

அவர் சமாளித்துக்கொண்டார். "லேடீஸ் மொடல்தாங்க. பஞ்சு மாதிரி. பதினாலு கிலோதான்."

அத்தை ஒரு கையை சீட்டுக்கு அடியிலும் ஒரு கையை ஹேண்டில் கழுத்திலும் கொடுத்துத் தூக்கினாள். ஒரு மூச்சு விடுகிற நேரம் பிடித்திருந்தாள். இறக்கினாள்.

"பதினேழு. கொஞ்சம் கூட இருந்தாலும் இருக்கும்."

"இல்லம்மா, கம்பனிக்காரனே பதினாலுன்னு—"

"கம்பனிக்காரன் கொழுந்து எடுத்திருக்க மாட்டானுங்க" என்றேன் நான்.

அவருக்குக் கோபமா ரோசமா தெரியவில்லை, சைக்கிளை அப்படியே உருட்டிக்கொண்டு போய் மரக்கறிக் கடையின் மூட்டைத் தராசில் ஏற்றிவிட்டார். பச்சை எழுத்து ஓடி ஓடி நின்றது. பதினேழு புள்ளி இரண்டு. கரட் மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற ஆட்கள் திரும்பினார்கள். ஒருவன் தன் மூட்டையைக் காலால் தள்ளி, "அக்கா, இது எத்தனைன்னு சொல்லுங்க பாப்போம்" என்றான்.

"நான் சைக்கிள் வாங்க வந்தேன் தம்பி" என்றாள் அத்தை.

அதற்கப்புறம் ஆண்டியப்பன் எதையும் புகழவில்லை. அத்தை வரிசையாகப் போனாள். ஒவ்வொன்றையும் தூக்கினாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் சொன்னாள், நகர்ந்தாள். பதினாறு. பதினெட்டரை. பதினைந்தே கால். ஏதோ பெரட்டில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, பெயர் கூப்பிடுகிற மாதிரி. கடைசியில், பழைய டயர்களுக்குப் பின்னால், யாரோ கையால் மண்ணெண்ணெய் நீலம் பூசிய ஒரு சைக்கிள் சாய்ந்து கிடந்தது. கியர் இல்லை, ஸ்பிரிங் இல்லை, மணியும் இல்லை. பெயிண்ட் தூரிகையின் மயிர்கூட இரண்டு அதில் ஒட்டியிருந்தது. நான் பார்த்த சைக்கிள்களிலேயே அசிங்கமானது அதுதான்.

அத்தை தூக்கினாள். இந்தத் தடவை உடனே இறக்கவில்லை.

"பதிமூணரை" என்றாள். "ஒரு போத்தல் தண்ணி தாறீங்களா?"

குடிக்கத்தான் என்று நினைத்து அவர் கொடுத்தார். அத்தை என்னிடம் சைக்கிளைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, சில்லைச் சுற்றிவிட்டு, ஓடுகிற ரிம்மில் தண்ணியை ஊற்றி, பிரேக்கைப் பிடித்தாள். டக்கென்று நின்றது. அதே மாதிரி அந்த ஊதா சைக்கிளுக்கும் செய்தாள். அது மூன்று சுற்றுச் சுற்றி, நாலாவதையும் யோசித்துவிட்டுத்தான் நின்றது.

ஆண்டியப்பன் தலையைச் சொறிந்தார். "அது இரும்பு ரிம்முங்க, மேல நிக்கல் பூச்சு. இது அலுமினியம், நனைஞ்சாலும் பிடிக்கும். இருபது வருசமா கடை வச்சிருக்கேன், சைக்கிளுக்குத் தண்ணி ஊத்திப் பாத்த ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"எங்க ஊருல அது தன்னால ஊத்துங்க."

"சரி, ஏறி ஒரு ரவுண்ட் ஓட்டிப் பாருங்க."

"அதுக்கு முன்னுக்கு ஒன்னு பாக்கணும்."

துணிப்பையைத் திறந்தாள். உள்ளே கூடைக் கயிறு இருந்தது. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிடுகிற கயிறு, நெற்றி படுகிற இடத்தில் துணி சுற்றியது. அதைச் சைக்கிளின் நடுக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தாள். முன் சில்லு திரும்பாமல் ஒரு துண்டால் கட்டினாள். குனிந்தாள். கயிறு தலையில் ஏறியது, சைக்கிள் முதுகில் ஏறியது. நிமிர்ந்தாள்.

கடைக்குப் பக்கத்தில் மேல் ரோட்டுக்குப் போகிற படிக்கட்டு இருக்கிறது. அத்தை அதில் ஏறத் தொடங்கினாள். படிக்கட்டுக் கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை. ஒரு கை கயிற்றில், மறு கை சேலைக் கொசுவத்தில், கொழுந்து மலையில் ஏறுகிற அதே நடை. முதுகில் இரண்டு சில்லும் மெதுவாகச் சுற்றின. ஹட்டன் டவுனில் ஞாயிற்றுக்கிழமைச் சனம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். அத்தனை பேரும் வழி விட்டார்கள். கரட் மூட்டைக்காரன் வாயில் போடப்போன வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலையில் போகும்போது ஒன்பது கிலோமீட்டர் இறக்கம். அதற்குப் பிரேக் வேண்டும். வேலை முடிந்து வரும்போது ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம், எந்தக் கியரைப் போட்டாலும் எங்கள் மலை இறங்கி வராது. ஆனால் பகலில் குறுக்கு வழி திறந்திருக்கும். மூன்று கிலோமீட்டர் படிக்கட்டு. இருபத்திரண்டு கிலோ கொழுந்தோடு ஏறுகிற பொம்பளைக்குப் பதிமூன்றரைக் கிலோ என்ன கனம்?

இதை அத்தை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் செல்லசாமி மாமா அது ஏன் நடக்காது என்று ஒரு மணி நேரம் விளக்கியிருப்பார்.

அத்தை இறங்கி வந்தாள். மூச்சு வாங்கவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் வாங்கியது.

"போகும்போது அது என்னைத் தூக்கிட்டுப் போகட்டும்" என்றாள் ஆண்டியப்பனிடம். "வரும்போது நான் அதைத் தூக்கிட்டு வாறேன். எத்தனைங்க?"

அவர் இருபத்தொன்று என்றார். அத்தை பத்தொன்பது என்றாள். அவர் இருபது என்றதோடு ஒரு மணியும் சும்மா மாட்டிக் கொடுத்தார். புதுப் பிரேக் கட்டைக்கும் காசு வாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தது. வெளியே மூடுபனி, கூடவே மழை. மணி ஒரு தடவை டிங் என்றது. அப்புறம் சில்லுச் சத்தம் கேட்டுக் கேட்டுக் குறைந்தது.

என்னால் படுத்திருக்க முடியவில்லை. இன்னும் ஒரு தடவை பிந்தினால் கதிரை போய்விடும், இடுப்பு வலி திரும்ப வந்துவிடும். அது என் வாளியால். கோயில் வளைவை வேறு நினைத்துக்கொண்டே இருந்தேன். எழுந்து, பின்பக்கத்தால் இறங்கி, குறுக்கு வழியில் ஓடினேன். இந்தத் தோட்டத்திலேயே அந்த நேரத்தில் அந்த வழியில் இறங்க இருவருக்குத்தான் பயமில்லை. ஒன்று சிறுத்தை, அது இல்லை. மற்றது நான்.

பால் சேர்க்கிற இடத்துக்கு எதிரே ஒரு பேக்கரி. அதன் பக்கச் சுவரில் ஒட்டி நின்றேன். மெனேஜர் அமிர்தநாதன் சாவிக்கொத்தோடு போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். பால்காரர்கள் நாலைந்து பேர் கேனோடு வந்துவிட்டார்கள். ஐந்து ஐம்பது. ரோட்டில் ஒன்றும் இல்லை, மூடுபனி மட்டும். எனக்கு நகம் கடிக்கிற பழக்கம் இல்லை. அன்றைக்குப் பழகினேன்.

ஐந்து ஐம்பத்து மூன்றுக்கு மூடுபனிக்குள்ளிருந்து டிங் என்றது.

அத்தை வந்தாள். தலையில் பொலித்தீன், முழங்கால் வரைக்கும் சேறு, முதுகு நேராக. கதவுக்கு இரண்டு அடி முன்னால் பிரேக்கைப் பிடித்தாள், இரண்டு அடி முன்னால் நின்றது.

மெனேஜர் போனையும் பார்த்தார், அத்தையையும் பார்த்தார். "என்ன அக்கா, இன்னைக்கு பஸ் வெள்ளன வந்திருச்சா?"

"பஸ் பின்னுக்கு வருதுங்க" என்றாள் அத்தை.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். கண்ணில் என்னமோ விழுந்துவிட்டது. பேக்கரிப் புகையாக இருக்கும்.

அப்படியே நழுவியிருக்கலாம். ஆனால் அத்தை கதிரையில் உட்கார்ந்து துண்டு எழுதுவதைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று நின்றதில் பத்து மணியாகி, அத்தையின் வேலையும் முடிந்துவிட்டது. ஒரு பணிஸை வாயில் வைத்திருக்கும்போது பின்னாலிருந்து என் காதை யாரோ பிடித்தார்கள்.

"எப்புடி வந்த?"

"பஸ்ஸுல."

அத்தை என் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கணுக்காலில் மூன்று அட்டை தொங்கிக்கொண்டிருந்தது, ரத்தம் குடித்து உருண்டு.

"பஸ்ஸுல அட்டை ஏறுச்சா? டிக்கட் எடுத்துச்சா?"

நான் மிச்சப் பணிஸையும் வாயில் போட்டுக்கொண்டேன்.

"குறுக்கு வழியில வந்திருக்க. இருட்டுல. சிறுத்தைப் பயம் இல்லாம." காதை விட்டாள். "என் வாளி வியாழக்கிழமையிலருந்து ஒழுகுது. அடியில மெழுகு. மாடு மெழுகுவர்த்தி கொளுத்துமா?"

"அத்தை, நான் செல்லசாமி மாமாவுக்குத்தான்..."

"தெரியும்."

"வியாழக்கிழமையே தெரியுமா? அப்ப ஏன் சொல்லல? சொல்லியிருந்தா குறுக்கு வழியிலயே போயிருக்கலாமே."

அத்தை கூடைக் கயிற்றைச் சைக்கிளில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "சொன்னா ஒங்கப்பா ஒன் தோலை உரிச்சிருப்பாரு. அது ஒன்னு. நெசமாவே சிறுத்தை இருக்குற மலை, சனம் கொஞ்சம் பாத்து நடக்குறது நல்லது. அது ரெண்டு." முடிச்சை இறுக்கினாள். "எனக்கு இருபத்தி மூணு வருசமா ஒரு சைக்கிள் வேணும். ஒங்க மாமாக்கிட்ட மூணு தடவை கேட்டு, மூணு தடவையும் மாட்டேன்னுட்டாரு. சிறுத்தைன்னதும் சரின்னுட்டாரு. நல்ல சிறுத்தைடி அது. கொஞ்ச நாள் இருக்கட்டும்."

அதைச் சொல்லிவிட்டு, குனிந்து, நிமிர்ந்து, படியில் ஏறினாள். நான் பின்னால் ஏறினேன். மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி, "என்னா ராணி, இன்னைக்கு என்னா கொழுந்து ஏத்திட்டுப் போற?" என்று கத்தினாள். "நீலக் கொழுந்து" என்று கத்தினாள் அத்தை. மலை முழுக்கச் சிரித்தது.

லயத்து முனையில் செல்லசாமி மாமா நின்றார், ஒரு காலில் புதுச் செருப்பு, மறு காலில் பழையது. சைக்கிளைச் சுற்றி வந்தார். "கியர் எத்தனை?"

"ரெண்டுங்க. எறங்குறதுக்கு அது, ஏறுறதுக்கு நான்."

எனக்குத் தண்டனை கிடைத்தது. மாசம் முடிகிற வரைக்கும், மலைத் தண்ணி வந்து விழுகிற பீலியிலிருந்து மாட்டுக்குத் தண்ணி நான்தான் தூக்க வேண்டும், அதுவும் அதே வாளியில். மெழுகு போய்விட்டது. ஓட்டையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு வளைந்து நடக்க வேண்டும். பார்க்கிறவர்கள் எனக்கு வயிற்றுவலி என்று நினைத்தார்கள்.

அந்த மாசம் பதினாறு நாள் மழை. ஒரு நாள் பஞ்சர், அன்றைக்கு உருட்டிக்கொண்டே ஓடி ஐந்து ஐம்பத்தொன்பதுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. மூன்றாவது வாரம் கீழ் டிவிசனில் இரண்டு பொம்பளைகள் ஆண்டியப்பன் கடை எங்கே என்று கேட்டு வந்தார்கள். அத்தை சொன்னாள், "தூக்கிப் பாத்து வாங்குங்க. தண்ணி ஊத்திப் பாருங்க. நிறத்தைப் பாக்காதீங்க."

மாசக் கடைசியில் நிரந்தர வேலைக் கடிதம் வந்தது. சிங்களத்திலும் தமிழிலும் பெயர் அடித்திருந்தது. அத்தை அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு, மாமா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். மாமா படத்தைக் கொஞ்சம் நகர்த்தித்தான் இடம் செய்தாள்.

அதற்கு முந்தின மூன்று நாளும் நான் கந்தப்பளைப் பக்கம் ஒரு லீக்ஸ் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கப் போயிருந்தேன். எதற்கு என்று அம்மா கேட்டாள், சும்மா என்றேன். அந்தக் காசில் சைக்கிளுக்குப் பின்னால் மாட்டுகிற சிவப்பு லைட் ஒன்று வாங்கினேன். மூடுபனியில் பின்னால் வருகிற பஸ்காரனுக்குத் தெரிய வேண்டுமே. அத்தை தூங்கின பிறகு, சீட்டுக்கு அடியில், ஏறுகிற ஆளுக்குச் சுலபத்தில் தெரியாத இடத்தில் முடுக்கிவிட்டு வந்து படுத்தேன்.

காலை ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. வாசல்படியிலிருந்து இறக்க அத்தை சைக்கிளைத் தூக்கியது தெரிந்தது. இறக்கின சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

"கனம் கூடியிருக்கு" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. "நூறு கிராம்."

நான் குறட்டை விட்டேன்.

விரல் தடவித் தேடுகிற சத்தம். அப்புறம் டக் என்று சுவிட்ச். கதவு இடுக்கால் சிவப்பு வெளிச்சம் எங்கள் வீட்டுத் தரையில் ஒரு கோடு போட்டு, அணைந்து, மறுபடி போட்டது.

"பூரணி."

குறட்டையைக் கொஞ்சம் கூட்டினேன்.

"லைட்டு நல்லாருக்கு" என்றாள் அத்தை. "வாளி எப்ப வாங்கித் தாற?"